4 மில்லிமீட்டருக்குள் நடப்பது: டேபிள் டென்னிஸ் ரப்பரும் வேகமும் ஸ்பின்னும்

டேபிள் டென்னிஸ் ரப்பர் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் மூன்று எண்கள் கண்ணில் படும்: வேகம், ஸ்பின், கன்ட்ரோல். ஒரு கம்பெனி பத்துக்கு மதிப்பெண் போடுகிறது, இன்னொன்று நூறுக்கு, வேறொன்று நூறையும் தாண்டிப் போகிறது. எல்லாமே அந்தந்தக் கம்பெனி தன் ரப்பர்களைத் தனக்குள் ஒப்பிட்டுப் போட்டுக்கொண்டவை. இந்த எண்களை நம்பி "ஸ்பின் அதிகமாக உள்ளதைக் கொடுங்கள்" என்று வாங்கிப் போகிறவர்கள், இரண்டு வாரம் கழித்துப் பந்து மேஜைக்கு வெளியே போகிறது என்கிறார்கள், அல்லது வலையிலேயே விழுகிறது என்கிறார்கள். ரப்பரில் குறை இல்லை. ரப்பருக்கென்று சொந்தமாக வேகமும் கிடையாது, ஸ்பின்னும் கிடையாது. கையை எவ்வளவு வேகமாக வீசுகிறோம், பந்தை எவ்வளவு ஆழமாக அழுத்துகிறோம் என்பதைப் பொறுத்து ஒரே ரப்பர் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும். அப்படி ஏன் நடக்கிறது என்பது புரிந்துவிட்டால் பாக்கெட் எண்களைப் பார்க்கவே தேவை இருக்காது.

தூக்கிப்போட வைத்திருக்கும் பழைய ரப்பர் ஒன்றைக் கூரான கத்தியால் குறுக்கே வெட்டி, வெட்டு முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேலே தோல் மாதிரி ஒரு மெல்லிய படலம். அதன் அடியில் வரிசையாகக் குட்டித் தூண்கள் நிற்கும், அவைதான் பிம்பிள்கள். தூண்களுக்கு நடுவே வெறும் காற்று. தூண்களின் கால்கள் ஒரு மெல்லிய பசைக்கோட்டில் ஊன்றி நிற்கும். அதற்குக் கீழே சின்னச் சின்னக் குமிழ்கள் நிறைந்த ஸ்பாஞ்ச். படலமும் பிம்பிள்களும் ஒரே வார்ப்பில் வந்தவை. இரண்டையும் சேர்த்து டாப்ஷீட் என்கிறோம். வழக்கமான ரப்பரில் டாப்ஷீட் 1.6 முதல் 1.8 மி.மீ. வரை இருக்கும். மீதி இடம் ஸ்பாஞ்சுக்கு. பசையையும் சேர்த்து மொத்தத் தடிமன் 4.0 மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது என்பது சர்வதேச டேபிள் டென்னிஸ் சம்மேளனத்தின் விதி. 'மேக்ஸ்' என்று விற்கும் ரப்பரில் ஸ்பாஞ்ச் 2.1 முதல் 2.3 மி.மீ.-க்குள் நின்றுவிடுவது இதனால்தான்.

இந்த விதி வந்த கதைக்கு ஒரு இந்தியத் தொடர்பு உண்டு. 1952-ல் பம்பாயில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் ஜப்பானின் ஹிரோஜி சாடோ தடித்த ஸ்பாஞ்ச் ஒட்டிய மட்டையோடு வந்து ஆண்கள் ஒற்றையர் பட்டத்தை வென்றார். அதுவரை எல்லோரும் ஆடியது ஸ்பாஞ்ச் இல்லாத, பிம்பிள் வெளியே தெரியும் ரப்பரில். அதில் பந்து படும்போது எழும் சத்தத்தை வைத்தே எதிராளி வேகத்தை ஊகித்துவிடுவார். சாடோவின் மட்டையில் சத்தமும் இல்லை, பந்து கிளம்பும் நேரமும் பிடிபடவில்லை. அடுத்த சில ஆண்டுகள் ஆளுக்கொரு தடிமனில் ஸ்பாஞ்ச் ஒட்டி ஆடினார்கள். 1959-ல்தான் வரம்பு கட்டினார்கள்: வெறும் பிம்பிள் ரப்பர் என்றால் 2 மி.மீ., ஸ்பாஞ்சோடு சேர்ந்தது என்றால் 4 மி.மீ. ரப்பர் தயாரிப்பில் அதன் பிறகு வந்த புதுமை எல்லாம் இந்த 4 மி.மீ.-க்குள் அடங்கியதே.

பந்தில் சுழற்சி எப்படி ஏறுகிறது

ஒரு நல்ல லூப்பில், அதாவது பந்தைக் கீழிருந்து மேலாக உரசி முன்பக்கம் சுழலவிடும் அடியில், பந்து நொடிக்கு 100 முறைக்கு மேல் சுற்றும். பந்தின் விட்டம் 40 மி.மீ. அப்படியென்றால் பந்தின் மேற்பரப்பு நொடிக்கு சுமார் 12.5 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மணிக்கு 45 கி.மீ. இந்த ஓட்டத்தைக் கொடுக்க ரப்பருக்குக் கிடைக்கும் நேரம் நொடியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு.

பந்து உள்ளே காலியாக உள்ள மெல்லிய கூடு. அதனால் கணக்கு எளிது. ரப்பர் நழுவவிடாமல் பிடித்துக்கொண்டால், மட்டை பந்தை உரசிச் செல்லும் வேகத்தில் 60 சதவீதம் மேற்பரப்பின் சுழல் வேகமாகவும், 40 சதவீதம் பந்து அதே திசையில் நகரும் வேகமாகவும் பிரியும். மட்டை நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் உரசினால் பந்தின் மேற்பரப்புக்கு 6 மீட்டர் வேகம் கிடைக்கும். அது நொடிக்கு 48 சுற்று.

வெறும் பிடிப்பு தருவது இவ்வளவுதான். ஆனால் நல்ல ரப்பர் இதைவிட அதிகம் தருகிறது. பந்து உரசும்போது டாப்ஷீட் பக்கவாட்டில் இழுபடுகிறது, பிம்பிள்கள் சாய்கின்றன, ஸ்பாஞ்சின் மேல்பகுதியும் கூடவே நகர்கிறது. இழுபட்டதெல்லாம் பந்து கிளம்பும் முன் பழைய இடத்துக்குத் திரும்பும்போது பந்தை இன்னொரு தடவை உதைக்கிறது. இழுபட்ட வேகத்தில் பாதியை ரப்பர் திருப்பித் தருகிறது என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்ன 48 சுற்று 72 ஆகும். கை அதே வேகத்தில்தான் வீசியது. கூடுதல் 24 சுற்று டாப்ஷீட்டின் மீள்தன்மையால் வந்தது. ஸ்பின்னுக்குப் பிடிப்பு மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் தவறவிடுவது இந்தப் பாதியைத்தான்.

பிடிப்புக்கும் ஒரு எல்லை உண்டு. பந்தை ரப்பருக்குள் அழுத்தும் விசை போதாவிட்டால் பந்து நழுவும். மேலே சொன்ன 72 சுற்று கிடைக்கப் பக்கவாட்டில் பந்துக்கு நொடிக்கு 6 மீட்டர் வேக மாற்றம் தர வேண்டும். உராய்வுக் கெழு 1 என்று, அதாவது உராய்வு விசை அழுத்தும் விசைக்குச் சமம் என்று வைத்தால், நேர்க்குத்தாகவும் குறைந்தது அதே அளவு மாற்றம் வேண்டும். அதாவது மட்டையும் பந்தும் நேருக்கு நேர் நொடிக்கு மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான வேகத்தில் மோத வேண்டும். அதைவிட மெல்லிசாக உரசினால் மட்டை சர்ரென்று வழுக்கிப் போகும், பந்து உயிரில்லாமல் வலையில் விழும். பயிற்சியாளர்கள் "உரசாதே, கடித்து இழு" என்று கத்துவதற்கு இதுதான் காரணம்.

வருகிற பந்தின் சுழற்சியையும் சேர்த்தால் இன்னும் சில விஷயங்கள் துலங்கும். எதிராளி சாப் செய்து, அதாவது பந்தின் அடியை வெட்டி, பின்பக்கமாகச் சுழல அனுப்பும் பேக்ஸ்பின் பந்து, நாம் லூப் செய்தால் எந்தப் பக்கம் சுழல வேண்டுமோ அதே பக்கம்தான் ஏற்கெனவே சுழன்றுகொண்டு வருகிறது. அதனால் லூப்பில் அதிகபட்ச ஸ்பின் கிடைப்பது பேக்ஸ்பின் பந்தில். ஆனால் மட்டையின் உரசல் வேகம் பந்தின் மேற்பரப்பு வேகத்தைவிடக் குறைந்தால், பந்து மேலே ஏறாமல் கீழே பாயும். முன்பக்கமாகச் சுழன்று வரும் டாப்ஸ்பின் பந்து நேர் எதிர். பந்தின் சுழற்சியே அதை மட்டையிலிருந்து மேல்நோக்கித் தள்ளுகிறது. ரப்பர் எவ்வளவு நன்றாகப் பிடிக்கிறதோ அவ்வளவு மேலே தள்ளும். புது ரப்பரில் பிளாக் செய்தால், அதாவது வீசாமல் மட்டையைக் காட்டித் தடுத்தால், பந்து எகிறிப் போவது இதனால்தான். மட்டையை இன்னும் மூடி, அதாவது அதன் முகம் மேஜைப் பக்கம் சாயும்படி, பிடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

டாப்ஷீட்: ஒட்டுவதும் பிடிப்பதும் ஒன்றல்ல

ரப்பரைப் பந்தின் மேல் அழுத்தி மெதுவாகத் தூக்கினால், சில சீன ரப்பர்களில் பந்து ஒட்டிக்கொண்டு கூடவே வரும். டிஎச்எஸ் ஹரிக்கேன் 3, டியான்ஜினில் தயாராகும் 729 வகைகள் இப்படிப்பட்டவை. ஜப்பான், ஜெர்மனி ரப்பர்களில் பெரும்பாலானவற்றில் பந்து ஒட்டாது. ஆனால் விரலை வைத்துத் தேய்த்தால் வழுக்காமல் தடுத்து நிற்கும். முதலாவது ஒட்டும் தன்மை, இரண்டாவது பிடிப்பு.

ஒட்டும் டாப்ஷீட்டின் பலன் மெதுவான அடிகளில் தெரியும். குட்டை சர்வீஸ், வலைக்குப் பக்கத்தில் மெல்லத் தள்ளிவிடும் புஷ், மெதுவாகத் தூக்கும் லூப் ஆகிய எல்லாவற்றிலும் பந்து ஸ்பாஞ்சுக்குள் இறங்குவதே இல்லை, மேல்தோலோடு முடிந்துவிடுகிறது. அழுத்தும் விசை குறைவாக இருக்கும் அந்த நிலையில் ஒட்டும் பரப்பு நழுவலைத் தடுக்கிறது. இன்னொரு பக்கம், அதே ஒட்டும் தன்மை பந்து கிளம்பும்போது கொஞ்சம் வேகத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் குட்டையாகப் போட நினைத்த பந்து குட்டையாகவே விழும். வேகமான அடியில் ஒட்டும் தன்மைக்கு அவ்வளவு வேலை இல்லை. அங்கே பந்து ஆழமாக இறங்குகிறது, டாப்ஷீட் பந்தைச் சுற்றிக் குழிகிறது, பிடிப்புக்குக் குறைவே இருக்காது. அந்த வேகத்தில் தீர்மானிப்பது மீள்தன்மை.

சீன ஆட்டக்காரர்கள் ஃபோர்ஹேண்டில் ஒட்டும் ரப்பரையும் பேக்ஹேண்டில் ஜப்பான் அல்லது ஜெர்மன் ரப்பரையும் ஒட்டிக்கொள்வதை உலகப் போட்டிகளில் பார்த்திருப்பீர்கள். ஃபோர்ஹேண்டில் இடுப்பையும் காலையும் சேர்த்து நீளமாக வீச முடியும். கடினமான ரப்பரையும் அமுக்கிவிடலாம். பேக்ஹேண்டில் வீச்சு குறுகியது. அங்கே ரப்பரே கொஞ்சம் உதைத்துக் கொடுத்தால்தான் பந்துக்கு வேகம் கிடைக்கும். இரண்டு குணத்தையும் ஒரே ரப்பரில் சேர்க்கும் முயற்சிதான் இப்போது ஹைபிரிட் என்ற பெயரில் வருபவை: ஒட்டும் டாப்ஷீட், அடியில் துள்ளலான ஸ்பாஞ்ச். ஜப்பானின் பட்டர்ஃபிளை கம்பெனியின் டிக்னிக்ஸ் 09சி இந்த வகையில் அதிகம் பேசப்படுவது. ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்லவே மாட்டேன். மெதுவாக அடித்தால் செத்துக் கிடக்கும், வேகமாக அடித்தால் திடீரென்று சீறும். நடுவில் உள்ள அளவு கைக்குப் பிடிபட நாளாகும்.

கண்ணுக்குத் தெரியாத பிம்பிள்

டாப்ஷீட்டுக்கு அடியில் ஒளிந்திருப்பதால் பிம்பிள் வடிவத்தை யாரும் கவனிப்பதில்லை. அதன் பங்கைத் தெரிந்துகொள்ள பட்டர்ஃபிளை டெனர்ஜி வரிசையைவிட நல்ல உதாரணம் இல்லை. 2008-ல் வந்த இந்த வரிசையில் 05, 64, 25, பின்னர் 80 என்று பல ரப்பர்கள் உண்டு. ஸ்பாஞ்ச் எல்லாவற்றிலும் ஒரே வகை. பிம்பிளின் குறுக்களவும் இடைவெளியும்தான் மாறுகின்றன. ஆடினால் நான்கும் நான்கு விதம்.

05-ல் பிம்பிள்கள் அகலமாக, நெருக்கமாக நிற்கின்றன. மேல்தோலுக்கு அடியில் தாங்கல் அதிகம்; பக்கவாட்டில் இழுபட்டாலும் உடனே முறுக்கிக்கொண்டு திரும்பும். ஸ்பின் அதிகம், பந்து உயரமான வளைவில் கிளம்பும். 64-ல் பிம்பிள்கள் மெலிந்து, தள்ளித் தள்ளி நிற்கின்றன. தூண்களுக்கு நடுவே காற்று அதிகம், மேல்தோல் எளிதில் குழியும், பந்து சீக்கிரம் ஸ்பாஞ்சைத் தொடும். கைக்கு மென்மையாக இருக்கும், வேகம் தாராளமாக வரும், வளைவு தாழ்வாக இருக்கும், ஸ்பின் 05 அளவுக்கு இல்லை. 80 இரண்டுக்கும் நடுவில். 25-ன் பிம்பிள்கள் தடித்தவை. மேஜையை ஒட்டி நின்று ஆடுபவர்களுக்காகச் செய்தது.

இதில் பிம்பிளின் உயரமும் சேர்ந்துகொள்கிறது. பிம்பிள் குட்டையானால் டாப்ஷீட் மெலியும், 4 மி.மீ. கணக்கில் ஸ்பாஞ்சுக்கு இடம் கூடும். சமீப வருட ரப்பர்களில் டாப்ஷீட்டை மெலிய வைத்து ஸ்பாஞ்சைத் தடிமனாக்கும் போக்கு இதனால்தான். 2000-ல் பந்து 38 மி.மீ.-லிருந்து 40 மி.மீ.-க்கு வளர்ந்தது. 2014-ல் செல்லுலாய்டு போய் பிளாஸ்டிக் வந்தது. இரண்டு மாற்றத்திலும் ஸ்பின் குறைந்தது. ரப்பர் செய்பவர்கள் அந்த இழப்பை ஈடுகட்ட ஓடிக்கொண்டிருக்கிறார்கள். குறை ஒன்று உண்டு. குட்டையான, தடித்த பிம்பிள்கள் சாயும்போது வேர்ப்பகுதியில் அழுத்தம் குவியும். அங்கே விரிசல் விட்டால் ரப்பரின் அந்தப் பகுதி செத்துவிடும். மேலிருந்து பார்த்தால் வெளிறிய புள்ளியாகத் தெரியும்.

ஸ்பாஞ்ச்: எண்ணை நம்பாதீர்கள், விரலை நம்புங்கள்

ஸ்பாஞ்சின் கடினத்தை டிகிரியில் சொல்வார்கள். குழப்பம் தொடங்குவது இங்கேதான். சீனாவில் 39, 40, 41 என்று எழுதுகிறார்கள். பட்டர்ஃபிளை டெனர்ஜி 05-க்கு 36 என்கிறது. ஜெர்மன் ரப்பர்களில் 47.5 என்று இருக்கும். 36-தான் மென்மை, 47.5-தான் கடினம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ஒவ்வொருவரும் வேறு அளவுகோலில் அளக்கிறார்கள். பட்டர்ஃபிளையின் 36 ஜெர்மன் அளவில் ஏறத்தாழ 47-ஐ ஒட்டி வரும். சீனத்தின் 40 ஜெர்மன் அளவில் 50-ஐத் தாண்டிவிடும். ஒரே கம்பெனியின் இரண்டு ரப்பர்களை ஒப்பிட மட்டுமே இந்த எண் உதவும்.

கடினம் என்ன செய்கிறது? மென்மையான ஸ்பாஞ்ச் சின்ன அடியிலேயே அமுங்கி உதைக்கும். கையில் பந்து தங்குவது தெரியும், லேசான வீச்சிலும் ஸ்பின் வரும். ஆனால் கொஞ்சம் பலமாக அடித்தால் முழுக்க நசுங்கிப் பந்து மட்டையின் மரப்பகுதியான கட்டையைத் தொட்டுவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு பலம் கொடுத்தாலும் ஸ்பின் கூடாது; பந்து தட்டையாகப் பாயும். கடினமான ஸ்பாஞ்சில் இந்த எல்லை வெகுதூரத்தில் இருக்கிறது. பலமாக வீசுபவருக்கு அது வேகத்தையும் ஸ்பின்னையும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டே போகும். மெதுவாக வீசுபவருக்கு அது வெறும் பலகை. ஒட்டும் டாப்ஷீட்டும் 40 டிகிரி ஸ்பாஞ்சும் உள்ள சீன ரப்பரைப் பள்ளிப் பிள்ளைகளின் மட்டையில் ஒட்டிவிடும் வழக்கம் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லாதது. பந்தை உள்ளே இறக்கும் பலம் அந்தத் தோள்களில் இன்னும் வரவில்லை. பலம் கொடுக்க முயன்று மணிக்கட்டையும் தோளையும் வருத்திக்கொள்வார்கள்.

தடிமனும் இதே கணக்குதான். 1.5 மி.மீ. ஸ்பாஞ்சில் பந்து சீக்கிரம் கட்டையை உணரும். வேகத்தின் உச்சம் குறைவு, ஆனால் அடிக்கு ஏற்ற அளவில் பந்து போகும். தள்ளி நின்று சாப் ஆடுபவர்கள் 1.5 முதல் 1.7 வரை வைத்துக்கொள்வது அதற்காக. கற்றுக்கொள்பவர்களுக்கு 1.8 முதல் 2.0 வரை நல்ல இடம். 2.1-க்கு மேல் தொடர்ந்து லூப் ஆடுபவருக்கு. மெதுவான சர்வீஸிலும் புஷ்ஷிலும் 1.8-க்கும் 2.1-க்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, பந்து அவ்வளவு ஆழம் போவதில்லை. எடையையும் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு 0.2 மி.மீ. கூடினால் சுமார் 2 கிராம் கூடும். சீனக் கடின ரப்பர் வெட்டிய பின் 50 கிராமை ஒட்டி நிற்கும். இரண்டு பக்கமும் அதையே ஒட்டி, கட்டையும் 90 கிராம் என்றால் மட்டை 190-ஐத் தொடும். மூன்றாவது கேமில் கை தாமதமாகத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

1970-களில் ஐரோப்பிய வீரர்கள் சைக்கிள் டியூப் ஒட்டும் பசை போட்டால் ரப்பர் வேகமாவதைக் கண்டுகொண்டார்கள். பசையில் இருந்த கரைப்பான் ஸ்பாஞ்சின் குமிழ்களுக்குள் புகுந்து ஊத வைக்கும். ஊதிய ஸ்பாஞ்ச் மேலே உள்ள டாப்ஷீட்டை இழுத்துப் பிடிக்கும். ஏற்கெனவே இழுபட்டு நிற்கும் ரப்பர் கொஞ்சம் தொட்டாலும் அதிகம் திருப்பிக் கொடுக்கும். சில மணி நேரத்தில் கரைப்பான் ஆவியாகிவிடும். ஆட்டத்துக்கு ஆட்டம் பிய்த்து ஒட்ட வேண்டும். அந்த ஆவி உடம்புக்குக் கேடு என்பதால் 2008 செப்டம்பர் முதல் தடை. இழுவிசையைத் தயாரிப்பிலேயே ரப்பருக்குள் கட்டிவிடும் முறை 1990-களின் இறுதியிலேயே வந்துவிட்டது. இன்றைய ஜெர்மன், ஜப்பான் ரப்பர்கள் பெரும்பாலும் அவற்றின் வாரிசுகள். ஸ்பாஞ்சை ஊத வைக்கும் பூஸ்டர் எண்ணெய் தடவும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வாங்கிய ரப்பரை எந்த வேதிப்பொருளாலும் மாற்றக் கூடாது என்று விதி தெளிவாகச் சொல்கிறது. எண்ணெய் ஊறிய ரப்பர் விரிந்து, சில வாரத்தில் சுருங்கும். சுருங்கும்போது ஓரத்தில் கட்டை வெளியே தெரியும். விதியை விட்டுவிட்டுப் பார்த்தாலும், இன்று எப்படி ஆடும், நாளை எப்படி ஆடும் என்று தெரியாத ரப்பரில் பயிற்சி செய்து என்ன பயன்?

பிம்பிளைத் திருப்பிப் போட்டால்

பிம்பிள் வெளியே தெரியும் ரப்பர்களில் பந்து தொடும் பரப்பு குறைவு. குட்டை பிம்பிளில் பந்து உடனே கிளம்பிவிடும். தட்டையான, வேகமான பந்து போகும், எதிராளியின் ஸ்பின் அதிகம் உறைக்காது. நீளமான பிம்பிள்கள் கொண்ட லாங் பிம்பிள் வேறு உலகம். உயரம் குறுக்களவைப்போல் 1.1 மடங்கைத் தாண்டக் கூடாது என்பது விதி. அந்த அளவிலேயே பிம்பிள்கள் எளிதில் மடங்கும், நுனியில் உராய்வு குறைவு, பலர் ஸ்பாஞ்சே இல்லாமல் ஒட்டுவார்கள்.

"லாங் பிம்பிள் ஸ்பின்னைத் திருப்பிவிடும்" என்று சொல்வது வழக்கம். உண்மையில் அது ஒன்றையும் திருப்புவதில்லை. டாப்ஸ்பின்னோடு வந்த பந்து லாங் பிம்பிளில் பட்ட பிறகும் அதே பக்கம்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. பந்து போகும் திசை மட்டும் மாறிவிட்டது. அதனால் எதிராளிக்கு அது பேக்ஸ்பின்னாகப் போய்ச் சேர்கிறது. அவர் எவ்வளவு பலமாக லூப் செய்தாரோ அவ்வளவு கனமான பேக்ஸ்பின். அவர் ஸ்பின் இல்லாமல் அனுப்பினால் லாங் பிம்பிளிலிருந்தும் ஸ்பின் வராது. அப்படி வரும் பந்துக்கு பிம்பிளால் செய்ய முடிந்தது மிகக் குறைவு. லாங் பிம்பிளை எதிர்த்து ஆடுபவர்கள் மனதில் வைக்க வேண்டியது, தான் முன்பு அனுப்பிய பந்து என்ன என்பதைத்தான். ஆன்டி ரப்பரும் இதே வழிதான். அங்கே பரப்பு தட்டையானது, ஆனால் வழுக்கும்.

மணிகா பத்ரா பேக்ஹேண்டில் லாங் பிம்பிள் வைத்து 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றார். பந்து மாறி மாறிப் போய்வரும் ராலியின் நடுவே மட்டையைக் கையிலேயே சுழற்றிப் பக்கத்தை மாற்றுவது அவருடைய ஆட்டத்தின் முக்கியமான பகுதி. 2024-ல் பூசானில் நடந்த உலக அணி சாம்பியன்ஷிப்பில் அய்ஹிகா முகர்ஜி ஆன்டி ரப்பரோடு அப்போதைய உலகின் முதல் நிலை வீராங்கனை சுன் யிங்ஷாவை வீழ்த்தினார். இரண்டு பக்கமும் வேறு நிறம் வேண்டும் என்ற விதி 1980-களில் வந்ததே இப்படிச் சுழற்றும் ஆட்டத்தில் எதிராளிக்கு எந்த ரப்பர் என்று தெரிய வேண்டும் என்பதற்காக. இப்போது ஒரு பக்கம் கறுப்பு கட்டாயம். மறுபக்கம் சிவப்பு மட்டும் இருந்த நிலை மாறி, 2021 அக்டோபர் முதல் பச்சை, நீலம், இளஞ்சிவப்பு, ஊதா ஆகியவையும் அனுமதி பெற்றன.

ஒட்டுவதும் காப்பதும்

நல்ல ரப்பரும் மோசமாக ஒட்டினால் வீண். தண்ணீர் கலந்த பசையில் 3 முதல் 4 மி.லி. எடுத்து ஸ்பாஞ்சில் ஊற்றி, சின்ன ஸ்பாஞ்ச் துண்டால் ஒரே திசையில் மெல்லிசாகப் பரப்புங்கள். பெரிய குமிழ் உள்ள ஜெர்மன் ஸ்பாஞ்ச் முதல் பூச்சைக் குடித்துவிடும். அது காய்ந்ததும் இரண்டாவது பூச்சு வேண்டும். கட்டைக்கு ஒரு பூச்சு போதும். வெள்ளையாக இருக்கும் பசை கண்ணாடி போலத் தெளியும் வரை காத்திருங்கள். வறண்ட அறையில் 10 முதல் 15 நிமிடம், சென்னை மாதிரி ஈரக்காற்று உள்ள ஊரில் அரை மணி நேரம்கூட ஆகும். அவசரப்பட்டு ஒட்டினால் உள்ளே ஈரம் சிக்கி ஒரு வாரத்தில் குமிழ் கிளம்பும். அந்த இடத்தில் பந்து தொப்பென்று விழும்.

கைப்பிடிப் பக்கம் முத்திரையும் பெயரும் தெரியும்படி விளிம்பைப் பொருத்தி, அங்கிருந்து மேல்நோக்கி உருட்டி விடுங்கள். இழுக்காதீர்கள். பெரும்பாலான கோளாறு இங்கேதான் நடக்கிறது. உருளையால் அழுத்தித் தேய்த்தால் ரப்பர் கொஞ்சம் நீண்ட நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும், பிறகு சுருங்கும், ஓரத்தில் ஒரு மி.மீ. கட்டை எட்டிப் பார்க்கும். ரப்பரின் எடையும் கையின் எடையும் போதும். கனமான புத்தகத்துக்கு அடியில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு வெட்டுங்கள். பழைய ரப்பரைக் கழற்றும்போது கைப்பிடி மூலையிலிருந்து குறுக்காக, மட்டையை ஒட்டியே மெதுவாக உரிக்க வேண்டும். செங்குத்தாக இழுத்தால் டாப்ஷீட் மட்டும் கையோடு வந்துவிடும், கட்டையின் நாரும் பிய்ந்து வரும்.

ஆடி முடித்ததும் சுத்தத் தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்சால் துடைத்து, காய்ந்த பின் பிளாஸ்டிக் தாளை மூடிவையுங்கள். சோப்பு, ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். புதுப் பந்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய தூளும் அரங்கத் தூசியும்தான் பிடிப்பைக் கெடுப்பவை. குளிரூட்டப்படாத அரங்கில் மழைக்காலத்தில் ரப்பர் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் படியும். அப்போது ஒட்டும் ரப்பர்தான் முதலில் வழுக்கும். புள்ளிக்குப் புள்ளி உள்ளங்கையால் தேய்க்காதீர்கள், வியர்வை இன்னும் கெடுக்கும். ஆறு புள்ளிக்கு ஒருமுறை துண்டு எடுக்க அனுமதி உண்டு. அப்போது மட்டையையும் உலர்ந்த துணியால் துடையுங்கள்.

வாரம் மூன்று நாள், இரண்டு மணி நேரம் ஆடுபவருக்கு தயாரிப்பிலேயே இழுவிசை கட்டிய ரப்பர் மூன்று நான்கு மாதம் நன்றாக வரும். கெடுவது மெதுவாக நடப்பதால் ஆடுபவருக்குத் தெரியாது. பந்து படும் நடுப்பகுதியையும் பந்து படாத கைப்பிடி ஓரத்தையும் விரலால் மாற்றி மாற்றித் தேய்த்துப் பாருங்கள். நடுவில் விரல் வழுக்கி, ஓரத்தில் தடுத்தால் டாப்ஷீட் முடிந்துவிட்டது. மேலே பிடிப்பு இருந்தும் லூப் வலையைத் தாண்டாமல் போனால் ஸ்பாஞ்சின் மீள்தன்மை போய்விட்டது. அதே ரப்பரைப் புதிதாக மாற்றினாலும் முதல் சில நாள் பிளாக் நீளமாகப் போகும், புஷ் உயரும். அந்த நாட்களில் வீச்சை மாற்ற வேண்டாம்; மட்டையைக் கொஞ்சம் மூடிப் பிடித்து, சர்வீஸிலும் புஷ்ஷிலும் தொடங்குங்கள். போட்டிக்கு முந்தின நாள் மாற்றாமல், குறைந்தது ஒரு வாரம் முன்னதாக மாற்றிவிடுங்கள்.